பனியாற்றில் ஒரு வெள்ளிவிழா

21 ஜனவரி, ஞாயிறு

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். வழக்கமாக நான் எழுதுவதெல்லாம் தீர்மானங்கள், ஆண்டறிக்கைகள், வரவேற்புரைகள். ஆனால் இந்த ஆண்டு நடக்கப்போவதைப் பிற்காலத்தில் யாராவது தேடிப் படிப்பார்கள், அன்றன்றைக்கே எழுதி வையுங்கள் என்று இளநம்பி சொன்னார். இளநம்பி எங்கள் மன்றத்தின் செயலாளர். எனக்குள் இருக்கும் நல்ல யோசனைகளைக் கண்டுபிடித்துச் சொல்லத் தெரிந்தவர்.

தேடிப் படிக்கப்போகிறவர்களுக்காக: என் பெயர் கோ. தணிகைவேலன். வயது ஐம்பத்திரண்டு. ஊர் நாமக்கல். சுவிட்சர்லாந்துக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது, குடியிருப்பது வின்டர்தூர். பகலில் பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மீதி நேரமெல்லாம் ஆல்ப்ஸ் தமிழ் மன்றத்தின் தலைவர்.

இன்று செயற்குழு கூடியது. மே மாதம் மன்றத்துக்கு வெள்ளிவிழா. இரண்டு வருடம் முன்பு தலைவர் தேர்தலில் தோற்று, பதினெட்டுக் குடும்பங்களோடு பிரிந்துபோய்த் தனி மன்றம் வைத்திருக்கும் மாசிலாமணி, இந்தப் பொங்கலை ஏரியில் படகு மேல் வைத்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. பால் பொங்கியதா என்று பத்திரிகையில் இல்லை. இருந்தாலும் படம் வந்துவிட்டது.

நான் எழுந்து சொன்னேன்: “ஆல்ப்ஸ் தமிழ் மன்றம்னு பேர் வெச்சிருக்கோம். ஆல்ப்ஸ் மேல ஏறியிருக்கோமா?”

எல்லோரும் பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள்.

“ஸ்கீ பலகை போட்டுக்கிட்டு ஒரு பனியாத்து மேல, அதான் கிளேசியர் மேல ஏறி, மேல மன்றத்தோட பேனரை விரிக்கணும். வேட்டி கட்டி. பொன்னாடையோட. பனியாறு ஏறிய முதல் தமிழர்னு வெள்ளிவிழா மலர்ல முதல் பக்கம்.”

“ஏறப்போறது யாருங்க தலைவரே?” என்றார் ஒருவர்.

இளநம்பி கைதட்டத் தொடங்கியதால் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டி வரவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

வீட்டில் கோதை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி பூங்கோதைக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. விஷயத்தைச் சொன்னேன்.

“ஸ்கீயிலயா?”

“ஆமா.”

“நீங்களா?”

“பின்ன, வேற யாரு?”

கொஞ்ச நேரம் பீன்ஸ் மட்டும் நறுக்கினாள். பிறகு, “அப்ப ரெகுலாவைக் கேக்கலாம். மலை வழிகாட்டி. எனக்குத் தெரிஞ்சவங்கதான்” என்றாள். கண் பார்க்க வந்தவராக இருக்கும். ஆஸ்பத்திரி வேலையில் இது ஒரு வசதி, எல்லாத் தரப்பு ஆட்களும் பழக்கமாகிவிடுகிறார்கள்.

3 பிப்ரவரி, சனி

முதல் ஸ்கீ வகுப்பு. பயிற்சியாளர் என் உடல்வாகைப் பார்த்துவிட்டு எனக்கென்று தனியாக ஒரு சரிவை ஒதுக்கினார். அங்கே ஏற்கெனவே ஆறேழு பிள்ளைகள் இருந்தார்கள். மேலே போக ஓடும் பட்டை உண்டு, நம் விமான நிலையத்தில் பெட்டி வருமே, அது மாதிரி. ஏறி நின்றால் போதும்.

நிற்பதைப் பொறுத்தவரை நல்ல முன்னேற்றம்.

10 பிப்ரவரி, சனி

இரண்டாம் வகுப்பு. இடுப்பில் எண்ணெய். கோதை வழக்கம்போல் சனிக்கிழமை ஆஸ்பத்திரித் தோழிகளோடு வெளியே போய்விட்டுச் சாயங்காலம் வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது, கண்ணைச் சுற்றி மட்டும் வெளுப்பு. தோட்டம் எங்காவது சுற்றியிருப்பார்கள். எண்ணெய் நன்றாகத் தேய்த்துவிட்டாள். எந்தத் தசை வலிக்கும் என்று நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

18 பிப்ரவரி, ஞாயிறு

ரெகுலா வீட்டுக்கு வந்தார். அறுபது வயது இருக்கும், ஒல்லி. ஆனால் கைகுலுக்கியபோது என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான் மன்றத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நாற்பது நிமிடத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு, “சரிவில் திரும்ப வருமா உங்களுக்கு?” என்றார்.

“இடப்பக்கம் வரும்.”

கோதையும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மலை வரைபடத்தை மேசையில் விரித்து இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். கடைசியில் ரெகுலா சொன்ன திட்டம்: ரோப்கார் மேல் நிலையத்திலிருந்து பனியாற்றின் ஓரத்தில் இருக்கும் மலைக்குடிலுக்குப் போய்த் தங்குவது. மறுநாள் காலை சமதளமான பனியாற்றின் வழியாக எதிரே உள்ள கணவாய் வரை ஏறித் திரும்புவது. சறுக்குப் பலகைக்கு அடியில் ரோமப்பட்டை ஒட்டினால் பலகை பின்னால் வழுக்காது. அதை வைத்துத்தான் ஏறுவார்கள். மேலே போனதும் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள். என் விஷயத்தில் இறங்கும்போதும் கழற்ற வேண்டாம் என்றார்.

“கணவாய் வேண்டாம், சிகரம்தான் வேணும்” என்றேன்.

“கணவாய்தான்” என்றார் ரெகுலா.

மலரில் சிகரம் என்றே போட்டுக்கொள்ளலாம்.

பனியாற்றின் பெயரை இங்கே எழுதவில்லை. மாசிலாமணி முந்திக்கொள்வார்.

2 மார்ச், சனி

மீட்புப் பயிற்சி. பனியாறு மேலே வெள்ளைப் பாயாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமான பிளவுகள் இருக்கும், புதுப் பனி அவற்றை மூடி மேலே பாலம் போலக் கிடக்கும், மிதித்தால் உடையும் என்றார் ரெகுலா. எனவே எல்லோரும் ஒரே கயிற்றில், இடைவெளி விட்டு, இடுப்புப் பட்டியில் கட்டிக்கொண்டு போகவேண்டும். மூன்று விதிகள் சொன்னார். கயிறு தொய்யக் கூடாது. பாதையை விட்டு விலகக் கூடாது. எக்காரணம் கொண்டும் பலகையைக் கழற்றக் கூடாது. பலகை இருந்தால் நம் எடை நீளமாகப் பரவும், வெறும் காலென்றால் ஊசி குத்துவது மாதிரி.

எங்கள் குடியிருப்பின் பின்னால் உள்ள ஆப்பிள் மரத்தில் கயிறு கட்டி, தூக்கும் முறையைக் காட்டினார்கள். கோதை கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுகள் போட்டாள். பூத் தொடுத்த கை என்று ரெகுலாவிடம் விளக்கினேன்.

9 மார்ச், சனி

பேனர் வந்துவிட்டது. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம். என் படம் நன்றாக இருக்கிறது.

10 மார்ச், ஞாயிறு

பேனரில் இளநம்பியின் படம் என் படத்தைவிட அரை அங்குலம் பெரிதாக இருப்பதைக் கவனித்தேன். அச்சகத்தின் தவறு என்றார். மறு அச்சுக்கு நேரமில்லை. விரிக்கும்போது அந்தப் பக்கத்தைச் சற்று மடித்துப் பிடித்தால் சரியாகிவிடும்.

22 மார்ச், வெள்ளி. மலைக்குடில்.

வந்து சேர்ந்தோம். ரோப்கார் நிலையத்திலிருந்து குடிலுக்கு முக்கால் மணி நேரம் என்று வழிகாட்டிப் பலகையில் போட்டிருந்தது. நாங்கள் இரண்டே கால் மணி நேரத்தில், அவசரப்படாமல், வந்தோம். இளநம்பி வருவதாகத்தான் இருந்தது. காலையில் முழங்கால் பிடித்துக்கொண்டது என்று போன் செய்தார். ஆகவே படம் எடுக்கும் பொறுப்பு கோதைக்கு.

குடிலை நடத்தும் அம்மாள் வாசலுக்கே ஓடி வந்து, “கோதி!” என்று என் மனைவியைக் கட்டிக்கொண்டார். மலையில் இருப்பவர்கள் மனிதர்களைப் பார்த்தால் இப்படித்தான் உருகிவிடுவார்கள் போல. உட்கார்ந்ததும் கோதைக்கு இஞ்சி போட்ட டீ தானாக வந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

கோதையின் காலணியைப் பார்த்தேன். ஸ்கீ காலணி, ஓரமெல்லாம் தேய்ந்து, ஒரு கொக்கி மாற்றப்பட்டிருந்தது.

“யார்கிட்ட வாங்கின இதை?”

“என்னோடதுதாங்க.”

பழையது வாங்கியிருக்கிறாள். சிக்கனம் அவளுக்குக் கூடப் பிறந்தது.

பையைச் சரிபார்த்தேன்: வேட்டி, சட்டை, பொன்னாடை, பேனர், அதற்கு இரண்டு கழி, உரை (நான்கு பக்கம்). ரெகுலா வந்து பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பனி தோண்டும் மண்வெட்டி எங்கே?” என்று கேட்டார். இடமில்லாததால் வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று சொன்னேன். குடிலில் இருந்து ஒன்றை எடுத்து வந்து, உரை இருந்த இடத்தில் வைத்தார்.

உரை எனக்கு மனப்பாடம்தான்.

23 மார்ச், சனி

உயிரோடு இருக்கிறேன். விவரம் நாளை.

24 மார்ச், ஞாயிறு. வீடு.

வலப்பக்க விலாவில் இரண்டு எலும்பு விரிசல். எழுதும் கை நன்றாக இருக்கிறது. ஆகவே எழுதிவிடுகிறேன்.

விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினோம். காலைக் குளிரில் பனி இறுகி இருக்கும், வெயில் ஏற ஏற இளகிவிடும், பதினோரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்றார் ரெகுலா. அவர் முன்னால், நான் நடுவில், கோதை கடைசியில். இடையில் பன்னிரண்டு மீட்டர் கயிறு. பனியாறு நான் நினைத்ததைவிடப் பெரிது. நாமக்கல் ஊரையே மலைக்கோட்டையோடு தூக்கி நடுவில் வைத்தாலும் ஓரத்தில் லாரி நிறுத்த இடமிருக்கும்.

நான் அவ்வப்போது நின்று சூழலைக் கவனித்தேன். கவனித்த நேரங்களில் கோதை பின்னாலிருந்து, “மூச்சு வாங்குதுங்களா?” என்று கேட்டாள். இல்லை, பார்க்கிறேன் என்றேன். நிறையப் பார்த்ததால் கணவாய்க்குப் போய்ச் சேரப் பத்தே முக்கால் ஆகிவிட்டது.

மேலே காற்று. ரெகுலா மணியைப் பார்த்தார். “ஐந்து நிமிடம்.” பேனரை விரிக்க முயன்றோம். இரண்டு முறை அது என்னை இத்தாலிப் பக்கம் இழுத்தது. “இங்கே முடியாது, இறங்குவோம்” என்று ரெகுலா முடிவு செய்துவிட்டார். படம் இல்லை, உரை இல்லை, பொன்னாடை இல்லை. இருபத்தைந்து வருட மன்றத்தின் பெருமையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். அந்த வேதனையை ஒரு தலைவன் மட்டுமே அறிவான்.

பாதி தூரத்தில் காற்று நின்றது. வெயில், நீல வானம், பின்னால் சிகரங்கள். நான் நின்றேன்.

“கோதை, இங்க எடுத்துடலாம். ரெண்டே நிமிஷம்.”

“இங்க நிக்கக் கூடாதுங்க. ரெகுலா நேத்தே சொன்னாங்க, இந்த இடம் முழுக்கப் பிளவு.”

“ரெண்டு நிமிஷம்.”

ரெகுலா முன்னாலிருந்து நடக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே என்னை நோக்கித் திரும்பி வந்தார். நான் அதற்குள் வேட்டியை எடுத்துவிட்டேன். ஸ்கீ கால்சட்டைக்கு மேல் வேட்டி கட்டுவது சுலபம். பலகையோடு கட்டுவதுதான் நடக்காத காரியம். முயன்றவர்களுக்குத் தெரியும். எனவே பலகைகளைக் கழற்றினேன்.

“ஐயோ, கழட்டாதீங்க” என்றாள் கோதை. கோபமாகச் சொல்லவில்லை, மிக மெதுவாகச் சொன்னாள். பதினெட்டு வருட மணவாழ்வில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அப்போதே யோசித்திருக்கலாம்.

“சரி, கயிறை மட்டுமாவது தொடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும்.”

படத்தில் கயிறு தெரியும் என்று எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் அவளுக்காக விட்டுக்கொடுத்தேன். அவளை அருகில் வரச் சொன்னேன், முகம் தெரியவேண்டுமே. வரமாட்டேன் என்றாள். ஆகவே நானே அவள் பக்கமாக நாலைந்து எட்டு வைத்து, பேனரைத் தலைக்கு மேல் தூக்கி, இளநம்பி பக்கத்தைச் சற்று மடித்து, சிரித்தேன். கோதை போனை எடுத்தாள். எடுத்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் நான் பனிப்பிளவின் உட்புறத்தை ஆய்வு செய்ய நேர்ந்தது.

இல்லை, எழுதுவதென்றால் ஒழுங்காக எழுதவேண்டும். விழுந்தேன். சத்தமே இல்லை. நின்றுகொண்டிருந்த இடம் இல்லாமல் போனது. கயிறு இடுப்பில் வெட்டி இழுத்தபோது விலா பக்கச் சுவரில் மோதியது. மேலே சின்னதாக ஒரு வெளிச்ச ஓட்டை, நாலைந்து மீட்டர் உயரத்தில். சுற்றிலும் நீலம். வானத்து நீலம் இல்லை, மருந்து பாட்டில் நீலம். எங்கோ தண்ணீர் சொட்டியது. சொட்டு கீழே விழுந்து சேரும் சத்தம் வரவில்லை.

பேனர் என்னைத் தாண்டிக் கீழே போனது. அவசரமில்லாமல், திரும்பித் திரும்பி, என் படம் மேலே தெரிய. கொஞ்ச தூரம்வரை என்னால் பார்க்க முடிந்தது.

கால்களுக்குக் கீழே எதுவும் இல்லை. அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

“என்னங்க, கேக்குதா? அடி பட்டிருக்கா?” என்று மேலிருந்து கோதையின் குரல், நறுக்கு நறுக்கென்று வந்தது.

“கண்ணாடி விழுந்துடுச்சு.”

“ரத்தம் வருதா? கை கால் அசையுதா?”

“அசையுது.”

“அசைக்காதீங்க. அப்படியே இருங்க. நான் பிடிச்சிருக்கேன்.”

அவள் பிடித்திருக்கிறாள் என்பதன் பொருள் அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு ரெகுலா சொன்னதை வைத்து எழுதுகிறேன். நான் விழுந்த நொடியில் கோதை போனை எறிந்துவிட்டு, பக்கவாட்டில் விழுந்து பலகைகளைப் பனியில் குத்தி ஊன்றிக்கொண்டாள். நான் அவள் பக்கம் வந்ததால் தொய்ந்திருந்த கயிறு சட்டென்று இழுபட, மூன்று மீட்டர் பிளவை நோக்கி அவளையும் இழுத்துப் போயிருக்கிறது. நின்றுவிட்டாள். ஐம்பத்தாறு கிலோ. நான் எண்பத்தெட்டு, பேனர் நீங்கலாக. ரெகுலா பக்கக் கயிறும் தொய்ந்திருந்தது; அவர் எதிர்ப்பக்கத்தில் பனியைத் தோண்டி, என் பலகை ஒன்றைப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டி எடையை மாற்றும் வரை பதினோரு நிமிடம் அவள்தான் பிடித்திருந்தாள்.

அந்தப் பதினோரு நிமிடம் நான் நிதானமாக இருந்தேன். மேலே இருப்பவர்களுக்கு ஆலோசனைகள் சொன்னேன். மன்றத்தின் சில நிர்வாக விஷயங்களையும் சொன்னேன்.

பிறகு இழுத்தார்கள். விளிம்புக்கு வந்தபோது வேட்டி கயிற்றோடு முறுக்கிக்கொண்டு கப்பியில் மாட்டியது. ரெகுலா கத்தியை எடுத்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் மனதுக்குள் அனுமதி கொடுத்தேன். எட்டு முழத்தில் மூன்று முழம் பனியாற்றில் இருக்கிறது.

வெளியே வந்து குப்புறக் கிடந்தேன். கோதை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையில் பனியை அள்ளி வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

“பேசாதீங்க” என்றாள். “கொஞ்ச நேரம் பேசாம இருங்க.”

இருந்தேன். மன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

குடிலுக்கு மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினோம். சூப் கொடுத்தார்கள். கோதையும் ரெகுலாவும் கயிற்றைக் காயப்போட வெளியே போனார்கள். சாப்பாட்டு மேசை மேல் வருகையாளர் புத்தகம் கிடந்தது. கண்ணாடி இல்லாவிட்டாலும் கிட்டத்தில் வைத்தால் படிக்க முடியும். முதல் தமிழர் என்று பதிவு செய்யப் பேனாவை எடுத்தேன். எந்த மாதிரிச் சொற்களில் எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள முந்தைய பக்கங்களைத் திருப்பினேன்.

சென்ற ஏப்ரலில், ஜெர்மன் எழுத்துகளுக்கு நடுவே, தமிழில் ஒரு வரி: “இன்று பனி நன்றாக இருந்தது. பூங்கோதை.” அதற்கு முந்தைய மார்ச்சில்: “காற்று. பாதியில் திரும்பினோம். பரவாயில்லை.” பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனேன். ஐந்து வருடம். பதினொரு முறை. முதல் பதிவில், “மேலே போய்ச் சேர்ந்தேன். அழுகை வந்தது. யாரிடம் சொல்வது” என்று இருந்தது.

பேனாவை மூடி வைத்தேன்.

25 மார்ச், திங்கள்

விடுப்பு. கோதை வேலைக்குப் போனாள். ரசம், அப்பளம் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

26 மார்ச், செவ்வாய்

இளநம்பி போன் செய்தார். முழங்கால் சரியாகிவிட்டதாம்.

“படம் எப்ப அனுப்புவீங்க தலைவரே? மலருக்கு வடிவமைக்கணும்.”

“படம் எடுக்க வேண்டிய கோதை போன் பனியாத்துல இருக்கு.”

“ஒரு படம்கூட இல்லையா?” கொஞ்சம் யோசித்தார். “சரி, கம்ப்யூட்டர்ல செஞ்சுக்கலாம். வேட்டியோட ஒரு படம் மட்டும் அனுப்புங்க, பின்னாடி மலை நான் போட்டுக்கறேன்.”

வேட்டி ஐந்து முழம்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

29 மார்ச், வெள்ளி

மலருக்கான கட்டுரையை எழுதி முடித்தேன். ‘பனியாறு கண்ட முதல் தமிழர்’. ஆறு பக்கம். கோதையிடம் கொடுத்தேன். எப்போதும் அவள்தான் பிழை பார்ப்பாள். படித்து முடித்து, இரண்டாம் பக்கத்தில் ஒரு ஒற்றெழுத்தைப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“வேற ஒண்ணும் இல்லையா?”

“ஒற்று ஒண்ணுதான் விட்டிருந்துச்சு.”

“குடில்ல புத்தகத்தைப் பாத்தேன் கோதை.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேங்க. முதல் தடவை போயிட்டு வந்த அன்னிக்கே சொன்னேன். இருபதாவது ஆண்டு மலருக்கு எழுதிட்டு இருந்தீங்க. ‘சரி சரி, குளிருக்குப் பாத்து இரு’ன்னீங்க. ரெண்டாவது தடவையும் சொன்னேன். அதுக்கப்புறம் சொல்லல.”

“ஸ்கீன்னு சொன்னியா? எனக்கு ஞாபகம் இல்லையே.”

“உங்களுக்கு ஞாபகம் இருந்தா நான் ஏன் அந்தப் புத்தகத்துல போய் எழுதறேன்?”

பதில் சொல்ல எழுந்து நிற்கும் பழக்கம் எனக்கு. எழுந்தேன். விலா வலித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

மடித்த துணியை அடுக்கிவிட்டு அவளே சொன்னாள். “உள்ள தொங்கிட்டு இருந்தப்ப நீங்க சொன்னதெல்லாம் மேல கேட்டுச்சு.”

“எது?”

“அம்மான்னு கூப்பிட்டது. அத விடுங்க, யாரும் கூப்பிடுவாங்க. தேர்தல்ல கை தூக்கினவங்கள எண்ணினது. மாசிலாமணி அண்ணனுக்கு முப்பத்தொண்ணு, உங்களுக்கு இருபத்தொன்பது. மாத்திச் சொல்லிட்டேன், மாத்திச் சொல்லிட்டேன், காப்பாத்துன்னு நாலஞ்சு தடவை சொன்னீங்க. ரெகுலாவுக்குத் தமிழ் தெரியல. முருகன் பேரோ என்னவோன்னு நெனச்சிருப்பாங்க.”

குளிரில் மனம் தடுமாறும், இல்லாததெல்லாம் வாயில் வரும் என்று மருத்துவ நூல்களில் இருக்கிறது.

31 மார்ச், ஞாயிறு

மருத்துவ நூல்களில் அப்படி இருக்கிறதா என்று தேடினேன். பதினோரு நிமிடத்தில் வராதாம்.

மாசிலாமணிக்கு போன் செய்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு. அவர் குரல் கரகரப்பாக இருந்தது.

“தணிகைவேலன் பேசறேன்.”

“தெரியுது. சொல்லுங்க.”

சொன்னேன். முன்னுரை எழுதி வைத்திருந்தேன், ஆனால் படிக்கவில்லை. முப்பத்தொன்று, இருபத்தொன்பது என்று நேராகச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அவர் வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது.

“எனக்குத் தெரியும்யா. மேடையில நின்னு நானும் எண்ணிட்டுத்தானே இருந்தேன்.”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டிருந்தா திரும்ப எண்ணுவாங்க. தலைவராயிருப்பேன். தனியாப் பிரிஞ்சா நிறுவனத் தலைவர். கார்டுல போடறப்ப அதுதான் எடுப்பா இருக்கும்னு தோணுச்சு.” சிறிது இருமினார். “நிறுவனத் தலைவராகி என்னத்தக் கண்டேன். பதினெட்டுக் குடும்பத்துல பத்துக் குடும்பம் நாற்காலி தூக்கக்கூட வர மாட்டேங்குது. படகுல பொங்கல் வெச்சோமே, பால் பொங்கவே இல்ல. காத்து.”

“எங்களுக்கும் காத்துதான்” என்றேன்.

வெள்ளிவிழாவைச் சேர்ந்து நடத்துவது பற்றி யோசிக்கலாம் என்று பேசி வைத்தோம். யார் தலைமை என்ற பேச்சு வருவதற்குள் இருவருமே போனை வைத்துவிட்டோம். அந்த அளவுக்கு இருவருக்கும் புத்தி வந்திருக்கிறது.

7 ஏப்ரல், ஞாயிறு

செயற்குழுவில் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். முதல் தமிழர் நானில்லை என்றேன். முதல் தமிழர் யாரென்றே தெரியாது, எனக்குத் தெரிந்து என் வீட்டிலேயே நான் இரண்டாவது என்றேன். ஓட்டு எண்ணியதையும் சொன்னேன். அதற்குக் குறைவாகத்தான் சத்தம் வந்தது. பலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. யாருக்கும் தெரியாதென்று எண்ணியவன் நான் மட்டும்தான் போலிருக்கிறது.

இளநம்பி உடனே எழுந்து, “அப்ப பொன்னாடையை அம்மாவுக்குப் போர்த்துவோம். ‘பனிமலை வீராங்கனை’ன்னு பட்டம்” என்றார். பலத்த கைதட்டல். வீட்டுக்கு வந்து கோதையிடம் சொன்னேன்.

“எனக்கு வேண்டாம்” என்றாள். “பட்டம் குடுத்தா நன்றியுரை பேசச் சொல்லுவீங்க.”

14 ஏப்ரல், ஞாயிறு. சித்திரை ஒன்று.

பாயசம் வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு மத்தியானமே கோதை கிளம்பிவிட்டாள். தோழிகள் நாலு பேரோடு ஆறு நாள், குடிலுக்குக் குடில், பனியாறு மாற்றிப் பனியாறு. இந்த முறை என்னிடம் பாதையை வரைபடத்தில் காட்டினாள். எங்கே பிளவுகள் அதிகம், எங்கே அதிகாலையில் கடக்கவேண்டும் என்றெல்லாம் சொன்னாள். ஒரு கேள்வி கேட்டேன். பதில் சொன்னாள். இன்னொரு கேள்வி கேட்டதும் சற்று ஆச்சரியமாகப் பார்த்தாள்.

17 ஏப்ரல், புதன்

சாம்பாரில் உப்பு இல்லை. போட்டேன். அதிகமாகிவிட்டது. கோதையிடமிருந்து செய்தி இல்லை. மேலே தொடர்பு கிடைக்காது என்று சொல்லித்தான் போனாள். வானிலையை ஏழு முறை பார்த்தேன்.

18 ஏப்ரல், வியாழன்

மேலே புயல் எச்சரிக்கை. ரெகுலாவுக்கு போன் செய்தேன். “அவர்கள் குடிலில் இருப்பார்கள். கோதிக்கு எப்போது நிற்கவேண்டும் என்று தெரியும்” என்றார். தூங்கவேண்டுமே என்று படுத்தேன். அவள் ஐந்து வருடமாகப் போய் வந்த சனிக்கிழமைகளில் நான் எங்கே இருந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுச் சொச்சம் கூட்டம். தீர்மானங்களில் ஒன்றுகூட நினைவில்லை.

20 ஏப்ரல், சனி

ஜூரிக் ரயில் நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தேன். போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். பன்னிரண்டாவது நடைமேடையில் ஐந்து பெண்கள் இறங்கினார்கள். வெயிலில் வெந்த முகங்கள், தோளில் பலகைகள். சத்தமாக ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் இருந்தவள் கோதை என்று தெரிய எனக்கு ஒரு நொடி ஆனது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் நின்றாள். “இவர் என் வீட்டுக்காரர்” என்று மற்றவர்களிடம் சொன்னாள். அவ்வளவுதான். தலைவர் என்று சொல்லவில்லை. நான் எல்லோருக்கும் கை கொடுத்தேன்.

ஒரு பெண் கேட்டாள்: “நீங்களும் மலைக்குப் போவீர்களா?”

“ஒரே ஒரு தடவை” என்றேன். “உள்ளே வரைக்கும்.”

விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது போல. சிரித்தார்கள். கோதை கடைசியில்தான் சிரித்தாள், ஆனால் நிறுத்த அவளுக்குத்தான் நேரமானது.

வின்டர்தூர் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். “புயல் எங்க பிடிச்சுது?” என்று கேட்டேன். ஐந்தாம் நாள், கடைசிக் குடிலுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் என்று ஆரம்பித்தாள். முன்னால் போகிறவளின் முதுகே தெரியாமல் போனது, கயிற்றை மட்டும் நம்பி நடந்தது, நடுவில் ஒருத்தி பாடத் தொடங்கியது, அந்தப் பாட்டின் சத்தத்தை வைத்து மற்றவர்கள் திசை பிடித்தது. கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். நான் ஒரு இடத்தில் மட்டும் குறுக்கிட்டேன், பாட்டு என்ன பாட்டு என்று கேட்பதற்காக.

வின்டர்தூர் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டபோதுதான் ஊரைத் தாண்டிவிட்டது தெரிந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி, நடைமேடையில் பலகைகளைச் சாய்த்து வைத்துவிட்டு, திரும்பிப் போகும் ரயிலுக்கு இருபத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அவள் ஆறாம் நாளைச் சொன்னாள்.